வாரேன் என்று சொல்லி விழுந்தேன்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான் வீட்டை விட்டு வெளியே போனதாக மெசினில் பதிவாகியிருக்கிறது. நான் எங்கேயும் போகவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரையில் கிடந்தேன். சாயங்காலம் ஆறு மணி தாண்டும் வரை அங்கேயேதான் கிடந்தேன்.

அதன் பிறகு பதினொரு நாள் சேலத்தில் ஆஸ்பத்திரி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் பிள்ளைகள் இதே மாதிரி மெசினை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரும் என்னைப் போலத் தனியாக இருப்பவர்கள். வாயால் நிறையச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாவாயி. வயது அறுபத்தேழு. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஊர். முப்பது வருடம் கோழிப்பண்ணையில் வேலை. வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் செந்தில். கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் கவிதா அங்கேயே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

வீட்டுக்காரர் போன நாளிலிருந்து செந்தில் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் போகவில்லை. மூன்றாவது மாடியில் என்னால் இருக்க முடியாது. கடைசியில் இந்த மெசினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இது இருந்தால் நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள்.

சுவர் மூலையில் அறைக்கு ஒரு வெள்ளைக் கண். நிலைக்கதவில் ஒன்று, பின்கதவில் இல்லை. டிவிக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு பேசும் பெட்டி. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டன். விழுந்தால் அதை அழுத்த வேண்டும், அழுத்தினால் செந்திலுக்கும் கவிதாவுக்கும் போன் போகும்.

"இதுல கேமரா இல்லீங்க அத்தை. நடமாட்டம் இருக்குதா இல்லையான்னு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும்" என்றாள் கவிதா.

"நடமாட்டம் தெரிஞ்சா பத்தாதா?" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

பண்ணையில் கோழிக்குத் தண்ணீர் எவ்வளவு போகிறது, தீவனம் எவ்வளவு குறைகிறது, முட்டை எத்தனை என்று நாள் தவறாமல் குறிப்பார்கள். கோழி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் குறிப்பது. ஆனால் முட்டை குறைந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த வாரம் கறிக்கு ஏற்ற லாரி வந்து நிற்கும். முப்பது வருடம் கூண்டிலிருந்து பிடித்துப் பிடித்து லாரிக்காரன் கையில் நான்தான் கொடுத்திருக்கிறேன். ஒருவரை உட்கார்ந்து குறிக்கிறார்கள் என்றால் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அதனால் பட்டனைக் கையில் கட்டவில்லை. காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டேன். அவர்கள் வரும் நாளில் மட்டும் கட்டிக்கொள்வேன்.

பேசும் பெட்டிக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தால் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போய்விட்டால், ஆள் உள்ளே அசையாமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குச் சேதி அனுப்பிவிடும்.

நான் போறேன் என்று சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது யார் அப்படிச் சொல்வார்கள்? வாரேன் என்று சொல்லிவிட்டு ரேசன் கடைக்குப் போனேன். அரிசிப் பையோடு திரும்பி வந்தால் வீட்டு முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜா கடப்பாரையோடு நிற்கிறாள்.

"யாருடி போயிட்டா?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டியாமா! உன்ற மவன் போன் போட்டுக் கதவை ஒடைக்கச் சொல்லுறான். அரிசி வாங்கிட்டு வாரியா நீயி?"

"புழுங்கலரிசி."

"அட கெரகமே. நல்லவேளை, ரெண்டாவது அடி அடிக்கல."

முதல் அடியின் தழும்பு இன்னும் கதவில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் கவிதா போன் செய்தாள். "அத்தை, கெளம்பறப்ப போறேன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போங்க."

"அப்பிடிச் சொல்லமாட்டேன் அம்முணி."

"மெசினுக்குத்தானுங்க சொல்லப் போறீங்க."

"ஊட்டுக்குள்ள நின்னுதானே சொல்லோணும்."

"சரிங்க, நான் வாரேன்னே மாத்தி வெச்சுடறேன்" என்றாள். கோயம்புத்தூரிலிருந்தே மாற்றிவிட்டாள். அதிலிருந்து நான் வாரேன் என்று சொன்னால், "பத்திரமாகப் போயிட்டு வாங்க" என்று பெட்டி சொல்லும். பொம்பளைக் குரல். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசுகிற குரல் மாதிரி இருக்கும்.

இந்த ஒரு சொல்தான். இதில்தான் எல்லாம் நடந்தது.

விழுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே எனக்குத் தலை சுற்றியது. எழுந்தால் கண் இருட்டும். சுவரைப் பிடித்து நின்றால் சரியாகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லாரி வரும்.

அன்றைக்கு அடுப்பில் பருப்பு வேகப் போட்டிருந்தேன். வாசலில் சிலிண்டர் போடுகிறவன் சத்தம் கொடுத்தான். "அம்மா, கேஸுங்கோ!"

"வாரேன் சாமி, இரு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

"பத்திரமாகப் போயிட்டு வாங்க" என்றது பெட்டி.

இரண்டு எட்டு வைத்திருப்பேன். அவ்வளவுதான் ஞாபகம்.

சிலிண்டர்க்காரன் பிறகு ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தான். பாவம், அழுதுவிட்டான். "நீங்க வாரேன்னு சொன்னதும் கேட்டுதுங்கம்மா. பொறவு ஒரு பொம்பளை பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொன்னதும் கேட்டுது. சரி, ஊட்ல ஆளிருக்குது, நீங்க பொறக்கடை வழியா எங்கயோ கெளம்பீட்டீங்கன்னு நெனச்சுட்டேன். ரெண்டு தடவை கூப்புட்டுப் பாத்துட்டுப் போயிட்டேனுங்க" என்றான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் வெளியே போய்விட்டதாக எடுத்துக்கொண்டதால் மெசின் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் யாராவது நடந்தால் திருடன் என்று அது சேதி அனுப்பும். ஆனால் பூனை வந்தால் சத்தம் போடக் கூடாது என்று முழங்காலுக்குக் கீழே பார்க்காதபடி கண்ணை வைத்திருந்தார்கள். நான் கிடந்தது முழங்காலுக்குக் கீழே.

கண் விழித்தபோது வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அசைக்க முடியவில்லை. பருப்பு தீய்ந்த வாசனை. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. சிலிண்டர் தீர்ந்துபோனதால் அடுப்பு தானாக அணைந்திருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குத்தான் அவன் வந்தான்.

கத்திப் பார்த்தேன். குரல் வரவில்லை. கூடத்தில் போன் இரண்டு தரம் அடித்தது. ஆணியில் பட்டன் தொங்குவது கிடந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு ஆள் உயரம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு பார்க்க ஒன்றும் இல்லை. மறுபடி கண் இருட்டிவிட்டது.

ஆறு மணிக்குக் கவிதாவின் போனுக்கு ஒரு சேதி போயிருக்கிறது. வெளியே போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்று. அவள் சரோஜாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். சரோஜா வந்து வாசலைப் பார்த்திருக்கிறாள். "செருப்பு ரெண்டும் இங்க கெடக்குது. செருப்பில்லாம பாவாயி எங்க போவா?" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக உள்ளே வந்தவள்தான் என்னைப் பார்த்தாள்.

நாமக்கல்லில் ஊசி போட்டுவிட்டு உடனே சேலத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் சரோஜா கூட வந்தாள். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். தூங்கிவிடக் கூடாது என்று ஆம்புலன்ஸ் பெண் சொல்லியிருந்தாளாம். அதற்குத் திட்டுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. இவளுக்கு என்மேல் இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஆறேழு ஒயரை ஒட்டி ஒரு தாளில் கோடு எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் நான்கு பேர் ஓடி வந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு எழுபது தரம் துடிக்க வேண்டிய இருதயம் எனக்கு முப்பத்து நான்கு தரம் துடித்ததாம். தொடை இடுக்கு வழியாக ஒரு ஒயரை இருதயம் வரைக்கும் விட்டு, வெளியே ஒரு பெட்டியில் மாட்டினார்கள். சரியாகும் வரைக்கும் அந்தப் பெட்டிதான் இருதயத்தைத் துடிக்க வைத்தது.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. பொறுமையாகப் பேசுவார். இரண்டு கேள்வி கேட்டார்.

"விழுந்து எவ்வளவு நேரம் இருக்கும்மா? ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா?"

"தெரியலீங்க."

"ஏன் கேட்கறேன்னா, ஒரே பக்கமா ரொம்ப நேரம் கிடந்தா நசுங்கின சதை கரைஞ்சு ரத்தத்துல கலக்கும். அது கிட்னியைப் போய் அடைக்கும். எவ்வளவு நேரம்னு தெரிஞ்சா நல்லது."

என் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது அதனால்தானாம். கவிதா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். போனைப் பார்த்து, "பத்து மணி பத்து நிமிசத்துலருந்துங்க டாக்டர்" என்றாள். சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா மணியை எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் சலைன் ஏற்றச் சொன்னார்.

இரண்டாவது கேள்வி, "இதுக்கு முன்னாடி தலை சுத்தல், மயக்கம் வந்திருக்கா?"

செந்தில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். "இல்லீங்க" என்றேன்.

அவர் போனதும் செந்தில் கேட்டான். "பட்டன் எங்கீங்கம்மா? அழுத்தலையா நீங்க?"

"அழுத்துனேன். வேலை செய்யல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. ஆணியில் மாட்டி வைத்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இனி தனியாக விட முடியாது, வீட்டைப் பூட்டுங்கள் என்பான்.

அவன் வெளியே போய் மெசின் விற்ற கடைக்குப் போன் போட்டுக் கத்தினான். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து கவிதாவைப் பிடித்துக்கொண்டான்.

"நீதானே இதை வாங்கோணும்னு நின்னே? இது இருந்தா போதும், அம்மா அவங்க ஊட்லயே இருக்கட்டும்னு சொன்னே? பாத்தியா?"

கவிதா ஒரு தரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஐ.சி.யு.வில் ஐந்து நாள். அங்கே பொழுது தெரியாது. ஒரே வெளிச்சம். கோழிக் கொட்டகையிலும் இப்படித்தான் லைட் போட்டு வைப்போம். தலைமாட்டில் ஒரு டிவி. அதில் என் இருதயம் கோடாக ஓடியது. நர்சுகள் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு நர்ஸ் வாழப்பாடிப் பக்கத்துப் பெண். டூட்டி முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு கட்டிலாக, "வரேம்மா, வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த அறையில் யாரும் போறேன் என்று சொல்லி நான் கேட்கவில்லை.

மூன்றாவது நாள் மூத்திரம் தெளிந்தது. கிட்னி தப்பித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. பிறகு இருதயத்தைப் பற்றிச் சொன்னார்.

இருதயத்தில் மேலே அறை இருக்கிறது, கீழே அறை இருக்கிறது. துடி என்று மேலிருந்து சேதி வந்தால்தான் கீழே துடிக்கும். நடுவில் சேதி போகிற வழி எனக்கு அறுந்துவிட்டது. மேல் அறை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, கீழ் அறைக்குக் கேட்கவில்லை. அதனால் கீழ் அறை தானாகத் தோன்றியபோது மட்டும் துடிக்கிறது. இதற்கு மருந்து இல்லை. பேஸ்மேக்கர் என்ற ஒரு சின்ன மெசினைத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்து, அதிலிருந்து ஒயரை இருதயத்துக்கு விட வேண்டும். எப்போது துடிப்பு விட்டுப்போகிறதோ அப்போது அது ஒரு தட்டுத் தட்டும்.

"எந்நேரமும் பாத்துட்டே இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ராத்திரி பகல் பார்த்துக்கிட்டே இருக்கும்."

"பாத்து யாருக்குச் சொல்லும்?"

டாக்டரம்மா சிரித்தார். "யாருக்கும் சொல்லாது. உள்ளேயே குறிச்சு வெச்சுக்கும். நீங்க இங்க வர்றப்ப நாங்க படிப்போம்."

"அப்ப இதுவும் குறிக்குது."

"உங்களுக்கு அதுல என்ன சந்தேகம்மா?"

வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடுத்த தரம் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார். கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்தே போட்டேன்.

ஐந்தாவது நாள் வைத்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. முகத்தின் மேல் பச்சைத் துணி. தோலை அறுப்பது தெரியும், வலிக்காது. யாரோ உள்ளே சேலைக் கொசுவத்தைச் செருகுவது மாதிரி ஒரு அழுத்தம். மெசின் கம்பெனி ஆள் ஒருவன் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, "அறுபதுல வெக்கட்டுங்களா சார்?" என்று கேட்டான். வை என்றார் பெரிய டாக்டர். அவன் பெட்டியில் எதையோ அழுத்தினான். என் நெஞ்சுக்குள் தெரிந்தது.

"சாமி, அதை அங்கிருந்தே நிறுத்தவும் முடியுமா?" என்று துணிக்கு அடியிலிருந்து கேட்டேன்.

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

ஆறாவது நாள் வார்டுக்கு மாற்றினார்கள். இடது கையை ஆறு வாரத்துக்குத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, ஒயர் நகர்ந்துவிடும் என்றார்கள். அதனால் தலை பின்ன முடியவில்லை. செந்தில் கால் நகம் வெட்டிவிட்டான். சின்ன வயதில் அவனுக்கு நான் வெட்டினால் ஓடிவிடுவான். சரோஜா இரண்டு பஸ் மாறி ரசம் கொண்டுவந்தாள். கேண்டீன் ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இதைக் குடிச்சுத்தான் பொழச்சியா? உனக்கு ஆயுசு கெட்டிதான்" என்றாள்.

ஆனால் வெளியே வராந்தாவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. வீட்டை வாடகைக்கு விடுவது பற்றிச் செந்தில் யாரிடமோ போனில் பேசினான். கோயம்புத்தூரில் சின்ன அறையைக் காலி செய்யச் சொல்லிக் கவிதாவிடம் சொன்னான். என்னிடம் யாரும் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பேசினால் எனக்குக் கேட்காது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். தரையில் கண் விழித்துக் கிடந்தபோதும் எனக்கு எல்லாம் கேட்டது.

பேசுவது செந்தில் என்றாலும் பின்னால் இருப்பது கவிதா என்றுதான் நினைத்தேன். என் வீட்டில் நான் எத்தனை தரம் பாத்ரூம் போனேன் என்று அவள் போனில் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் எடுத்துக் காட்டுவாள் என்று காத்திருந்தேன்.

எட்டாவது நாள் மத்தியானம் அவள் மட்டும் வந்தாள். சீப்பு எடுத்து எனக்குத் தலை வாரினாள். நான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தேன், அவள் பின்னால் நின்றாள். அப்படி நின்றுகொண்டு சொன்னாள்.

"அத்தை, பட்டனை நீங்க அழுத்துலீங்க."

திரும்பப் போன என் தலையை அவள் பிடித்து நேராக வைத்தாள்.

"கையில கட்டியிருந்தா அது ஒடம்புச் சூட்டைக் குறிக்கும். நாங்க வந்துட்டுப் போனதுக்கப்பறம் ஒரு நாளும் அதுல சூடே இல்லை. ஒரே எடத்துல தொங்கீட்டிருக்குது. எனக்கு ஆரம்பத்துலருந்தே தெரியுங்க."

"தெரிஞ்சா உன்ற புருசன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? போனைத் தொறந்து காட்டு. அதுக்குத்தானே மாட்டுனது?"

"சொல்லுல. சொன்னா அவரு அன்னைக்கே உங்களைக் கோயமுத்தூருக்குக் கூட்டீட்டு வந்துருவாரு."

"வந்தா?"

சீப்பு நின்றது. "வந்தா எனக்கும் கஷ்டந்தானுங்க அத்தை. ரெண்டு ரூம் ஊடு. நானும் வேலைக்குப் போறவ. உங்களுக்கும் புடிக்காது, எனக்கும் ஒத்து வராது. அதுக்குத்தான் அந்த மெசினைத் தேடித் தேடி வாங்குனேன்."

என் மேல் பாசம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இது நம்புகிற மாதிரி இருந்தது.

அவள் மறுபடி வாரினாள். "இன்னொன்னும் இருக்குதுங்க. வாரேன்னு மாத்தி வெச்சது நான். போறேன்னு இருந்திருந்தா நீங்க கேஸ்காரனுக்குச் சொன்னதை மெசின் எடுத்திருக்காது. ரெண்டு மணி நேரத்துல எனக்குச் சேதி வந்திருக்கும். கூப்புட்டவங்களுக்கு இதோ வாரேன்னு சொல்றதுக்கும் அதே வார்த்தைதான்னு எனக்குத் தோணவே இல்லை. நானும் அதைத்தான் தெனமும் பேசறேன். எட்டு மணி நேரம் உங்களைத் தரையில கெடக்க வெச்சது நான்தான். அவருகிட்ட இன்னும் சொல்லுல. நீங்க பட்டன் வேலை செய்யலைன்னு சொன்னதும், அவரு மெசினைத் திட்டட்டும்னு நானும் விட்டுட்டேன்."

கழுத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எண்ணெய் இல்லை. அவள் எண்ணெய் எடுத்து வரவில்லை.

"பின்னிக் கட்டு அம்முணி. கை வலிக்குது" என்றேன். என் கை ஒன்றும் வலிக்கவில்லை.

அவள் பொய்யும் என் பொய்யும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன என்று அப்போது தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி மெசினுக்கும் அதை வாங்கியவளுக்கும் போகும். திறந்தால் வீடு போகும். மூன்று நாள் இதை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

பதினொன்றாவது நாள் டிஸ்சார்ஜ். கவிதாவுக்குப் பரீட்சை வேலை, முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். காப்பீட்டு அட்டையில் போனது போக மீதியைச் செந்தில் கட்டிவிட்டு வந்தான். மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"செந்திலு, பட்டனை நான் கையில கட்டவே இல்லை. காலண்டர் ஆணியில மாட்டி வெச்சிருந்தேன். அந்தப் புள்ளையைத் திட்டாதே. கடைக்காரன்கிட்டயும் சொல்லீரு."

அவன் என்னைப் பார்த்தான். "ஏனுங்கம்மா?"

"குறிக்கறாங்கன்னு எனக்குப் புடிக்கல."

"யாரு குறிக்கறா?"

"நீதான்."

அவன் எழுந்து வண்டியை எடுத்து வரப் போனான். வெகு நேரம் கழித்துத்தான் வந்தான். காரில் ஏறினேன். எங்கே போகிறோம் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இந்த மெசின் வைத்திருப்பவர்கள், எந்தச் சொல்லுக்கு அது என்ன செய்யும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் வேறு எதற்காவது அதே சொல்லைச் சொல்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தரையில் கிடந்தால் அதன் கண்ணுக்குத் தெரிவீர்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது. விற்றவனுக்கும் தெரியாது. விழுந்த எனக்குத்தான் தெரியும். பட்டனைக் கையில் கட்டுங்கள். பிடிக்காவிட்டாலும் கட்டுங்கள்.

சீலநாயக்கன்பட்டி வந்தது. நேராகப் போனால் நாமக்கல். வலது பக்கம் திரும்பினால் கோயம்புத்தூர் ரோடு. முன்னால் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கள் வண்டியும் நின்றது. எந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டிருக்கிறான் என்று பார்த்தேன். அவன் கை மறைத்தது.

"வேற எதாச்சும் மறைச்சிருக்கறீங்களாம்மா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நெஞ்சுக்குள் வைத்த மெசினைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுவும் விழுந்த பிறகு வந்தது.

"மூணு வாரமாத் தலை சுத்துச்சு. டாக்டரம்மாகிட்ட இல்லைன்னு சொல்லீட்டேன். நீ நின்னுட்டிருந்தே, அதனாலதான்."

முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். செந்தில் நகரவில்லை. அவன் தாடை இறுகியது எனக்குத் தெரிந்தது. அவன் அப்பாவுக்கும் கோபம் வந்தால் அப்படித்தான் இறுகும். பிறகு கியரைப் போட்டான். வண்டி நேராகப் போனது.

தப்பான ரோட்டில் வந்துவிட்டானோ, முன்னால் எங்காவது திருப்பிவிடுவானோ என்று நான் வழியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"நான் உங்களை நம்புலீங்கம்மா" என்றான்.

"நானும் உன்னை நம்புல சாமி."

"தெரியும்."

நாமக்கல் ரோட்டில் மல்லூர் தாண்டியது. ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், குறைத்தான்.